நாய் கவிழ்த்ததாகச் சொன்ன சட்டி

மச்சாள்,

இன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை; இறைச்சி விலக்கிச் சுத்தபோசனம் காக்கவேண்டிய நாள். ஆனாலும் குசினியில் ஆட்டிறைச்சி கொதிக்கிறது. பெருஞ்சீரகமும் மிளகும் வறுபட்ட மணம் விறாந்தையைத் தாண்டி, தலைமன்னார்க் கடற்கரை வீதிவரை போயிருக்கும். சூசையப்பர் பெருநாள் இந்த வருடம் வெள்ளியில் விழுந்திருக்கிறது. அகப்பை என் கையில் இருக்கிறது. உங்களுக்கு எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான மணம் எனக்கு வாய்க்கப்போவதில்லை.

நான் உங்கள் தம்பியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தபோது பெருநாள்கள் எல்லாம் உங்கள் ஆட்சியில் இருந்தன. நத்தாருக்குப் பாலன் குடில் எந்த மூலையில் வைப்பது, உயிர்த்த ஞாயிறன்று முதல் தட்டு யாருக்கு, வீட்டுப் பாதுகாவலரான சூசையப்பரின் சுரூபத்துக்கு என்ன பூ என்பதையெல்லாம் நீங்களே தீர்மானித்தீர்கள். பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்த எனக்கு வெங்காயம் உரிக்கும் பொறுப்பு தரப்பட்டது. அதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. மெய்யியலிலும் பெரும்பாலும் அதுதான் வேலை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த அந்த வருடத்திலும் சூசையப்பர் வெள்ளியில்தான் வந்தார். என் அப்பா முசலியிலிருந்து முதன்முறையாக நம் பெருநாள் பந்திக்கு வந்தார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, முசலிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று, தான் வளர்த்த கிடாயையே அறுத்து, இறைச்சியை வாழையிலையில் சுற்றி, சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

நீங்கள் சாக்கைத் தொடவில்லை. "வெள்ளிக்கிழமை இறைச்சியோ?" என்றீர்கள்.

"பெருவிழா வெள்ளியில வந்தால் சுத்தபோசனம் இல்லை, மச்சாள். திருச்சபைச் சட்டமே அப்பிடித்தான் சொல்லுது" என்றேன்.

"எங்களுக்குச் சட்டம் படிப்பிக்க ஒரு ஆள் வந்திட்டா" என்று கூடியிருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னீர்கள். "தேயிலைத் தோட்டத்தில வெள்ளிக்கிழமையே வாறேல்லையாக்கும்."

விறாந்தையில் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அது கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னீர்கள்.

இருந்தும் நான் சமைத்தேன். பூசை முடிந்து ஆட்கள் வரத் தொடங்கிய நேரத்தில், நீங்கள் சட்டியைக் கைப்பிடித் துணியோடு தூக்கிக்கொண்டு விறாந்தையில் அப்பாவின் முன்னாலேயே நடந்து, பின்வளவுக்குப் போய், பனை வடலி அடி மணலில் கவிழ்த்தீர்கள். திரும்பி வந்து கைகழுவினீர்கள். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கால்களைப் பார்த்தேன். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பிறகு பங்குச் சுவாமி சாப்பிட வந்தார். பாரைக் குழம்பையும் கணவாய்ப் பொரியலையும் பார்த்துவிட்டு, "என்ன, மீன் மட்டும்தானோ? இண்டைக்குப் பெருவிழா எல்லோ, சுத்தபோசனம் இல்லை. இறைச்சி மணம் வாசல் படலை வரைக்கும் வந்துதே?" என்று கேட்டார்.

நான் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 'எனக்குத் தெரியாமல் போச்சுது சுவாமி, கொட்டிப்போட்டன்' என்ற ஒரு வசனம் போதுமாயிருந்தது. அதை அப்பாவின் காதுபடச் சொல்லியிருந்தால், நான் அன்றே எல்லாவற்றையும் மறந்திருப்பேன்.

"நாய் கவிழ்த்துப்போட்டுது, சுவாமி" என்றீர்கள். சூசையப்பரின் சுரூபம் உங்கள் தோளுக்குப் பின்னால் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்தது.

"பாவம், நாய்க்கும் பெருநாள்தானே" என்று சுவாமி சிரித்தார். பந்தி முழுவதும் சிரித்தது. உங்கள் தம்பி மீன்முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தார். அப்பாவும் சிரித்தார், மச்சாள். சிரிப்பது தன் கடமை என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். என் பக்கம் திரும்பி, "இருக்கட்டும் புள்ள. மீனும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மழை தொடங்குமுன் அவர் செத்துப்போனார். நீங்கள் முசலிக்கு வந்து, வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, அந்த வசனத்தைச் சொல்லாமலே திரும்பினீர்கள்.

அந்த நத்தாரன்று பந்திக்கு முன்னால் வழக்கம்போல் வீட்டின் மூத்த பெண்ணாக நீங்கள் மரித்தவர்களின் பெயர்களைச் சொல்ல, எல்லோரும் "நித்திய இளைப்பாற்றி" என்று பதில் சொன்னோம். அப்பாவின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். "அது எங்கட வீட்டு ஆத்துமாக்களுக்கு" என்றீர்கள். உடனே நான், சுவாமியும் உறவினரும் இருக்க, மிகுந்த மரியாதையோடு சொன்னேன்: "சட்டியை மூடி வையுங்கோ மச்சாள். நாய் வந்திடும்."

உங்கள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். பல வருடப் படிப்பு எனக்குத் தராத தெளிவு அந்தக் கணத்தில் கிடைத்தது. அதன்பின் ஒரு பெருநாளையும் நான் தவறவிடவில்லை. உயிர்த்த ஞாயிறன்று, "நாயைக் கட்டிப்போட்டாச்சோ, மச்சாள்?" மாதா பெருநாளன்று, "இந்த வருசம் நாய்க்குப் பசி இல்லைப்போல." காரணம் தெரியாத பிள்ளைகளும் அந்த நாய்ப் பேச்சைப் பழகிக்கொண்டார்கள். இடையில் ஒருமுறை சூசையப்பர் மறுபடி வெள்ளியில் வந்தபோது, தலையிடி என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்தீர்கள். நான் உங்களுக்கு இறைச்சிக் கறியோடு ஒரு தட்டு அனுப்பினேன். அது தொடப்படாமல் திரும்பி வந்தது. அன்று நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, அவஸ்தைப்பூசுதலும் பெற்றபின், என் கையைப் பிடித்தீர்கள். "அந்த நாய்க்கதையை இனியாவது விடனடி."

"ஒரு வசனம் சொல்லுங்கோ. விடுறன்."

நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். உங்கள் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். என்னுடையதும் அதே தரம்.

மன்னிப்பைப் பற்றிய பிரசங்கங்கள் எனக்கும் தெரியும். எழுபது தடவை ஏழு தடவை என்று சுவாமிமார் சொல்லும்போது, மன்னிப்புக் கேட்டவருக்குத்தானே அந்தக் கணக்கு என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் ஒருதடவைகூடக் கேட்கவில்லை.

இந்த மீதியைப் பந்தி முடிந்தபின் எழுதுகிறேன். இன்று பந்தியில் மூத்தவள் நான். பெயர்களைச் சொல்லும் முறை என்னுடையது. உங்கள் பெயரை விட்டுவிடுவேன் என்று பிள்ளைகள் பயந்தார்கள். அவ்வளவு மலிவான வேலை நான் செய்வதில்லை. முதலில் அப்பாவின் பெயர். அதற்கு நேர் பின்னால் உங்களுடையது, தெளிவாக, முழுப்பெயராக. நீங்கள் போனபின் பிறந்த என் பேத்தி, உங்கள் பெயர் வந்ததும், "அப்பம்மா, அது ஆர்?" என்று கேட்டாள். சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். கிடாய், வாழையிலை, வடலி அடி மணல், உங்கள் வாயில் வந்த சொற்கள் ஒன்றும் குறையாமல். கேட்டு முடித்து, "அவ பொய்யோ சொன்னவ? சுவாமியிட்டையோ?" என்றாள். "ஓம்" என்றேன். இனி அவளும் அதை மறக்கமாட்டாள்.

நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் உங்களுக்காக வாய்விட்டுச் சொன்னேன். அதை அளிப்பது ஆண்டவரின் வேலை. தாமதமாக்குவது, எனக்கு மூச்சு இருக்கும்வரை, என்னுடையது.