பிரஷர் பெஞ்சு

நவம்பர் 10, திங்கள்
காலையிலிருந்து மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. நாலு மணிக்குக் கீழ் லயத்து வரிசைவீட்டு லெட்சுமியின் அடக்கம். நாற்பத்தொரு வயது. சனிக்கிழமை ரப்பர் மலையில் வாளியோடு சாய்ந்தாள். மாரடைப்பு. கடைசிப் பிள்ளை வயிற்றிலிருந்தபோது பிரஷர் ஏறி வலிப்பு வந்தவள். பிறகு யாரிடமும் காட்டவில்லை.

என் மருமகள் கோகிலாவுக்கும் மார்ச்சில் பிள்ளை வயிற்றிலிருந்தபோது அதே பிரஷர். மாதம் நிறையுமுன்பே ஆப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். டாக்டர் சொன்னது எனக்கு மனப்பாடம்: பிரசவத்தோடு முடியாது, பின்னால் இதயத்தைத் தாக்கும், பிரஷரைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

நவ. 11, செவ்.
தெரணியகலை டவுனில் வாங்க: சீனி, பேபி சோப், கண் மருந்து. கருவாடு வேண்டாம்.

கோகிலா, பிள்ளையின் ஊசிக்கு ஒரு நாளும் பிந்தாதவள், தன் பிரஷருக்கு ஒரு தடவையும் போகவில்லை. கேட்டேன்.

"புள்ள நல்லாத்தானே இருக்கு அத்தை. எனக்கு என்னா?"

"லெட்சுமியும் அப்படித்தான் சொன்னா."

"டிஸ்பென்சரி வாசல்ல அந்த பிரஷர் பெஞ்சுல கெழடுங்கதான் உக்காரும். பிரஷர்காரின்னு லயமே சிரிக்கும். நீங்களே உக்கார மாட்டீங்களே. பெரிய கிளாக்கர் வீட்டம்மா."

உண்மை. பெரிய கிளாக்கராக இருந்த என் வீட்டுக்காரர் உயிரோடிருந்தவரை, தோட்டத்து மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரே வீட்டுக்கு வருவார். டிஸ்பென்சரி வாசலில் நான் உட்கார்ந்ததே இல்லை.

நவ. 12, புதன்
தூறல். பிள்ளைக்கு முதல் பல். கோகிலா தண்ணீர்க் குடத்தோடு ஏறி வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். இருபத்தாறு வயது.

கொழும்புக்கு, மகனுக்கு போன். "நீங்க சொன்னா கேப்பாம்மா." கேட்கமாட்டாள்.

நவ. 13, வியா.
டிஸ்பென்சரியில் பிரஷர் கிளினிக் நாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை. போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெற்றிலை வாடை, நனைந்த குடைகள்.

"வாங்கம்மா. வழி தவறி வந்துட்டீங்களா?" மாரியாயி, முன்பு தேயிலை மலையில் கொழுந்து பறித்தவள். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. ஆனால் தள்ளி இடம் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கோகிலா, பிள்ளையோடு. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்குப் பிரஷர் கூடுதல். மாத்திரை. கோகிலாவின் கையில் நர்ஸ் மிஸ் இரண்டு தரம் பட்டி கட்டிப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் டாக்டரைக் கூப்பிட்டார்.

"அம்மா, புள்ளைய நீங்க வாங்கிக்கங்க" என்றார் நர்ஸ் என்னிடம்.

நவ. 14, வெள்.
கோகிலாவைப் பெரியாஸ்பத்திரி வார்டில் மறித்து வைத்துக்கொண்டார்கள். இதயத்தை ஸ்கேன் பண்ண வேண்டுமாம். வேறு எதுவும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பால்மா கரைத்தேன். வாயைத் திருப்பிக்கொள்கிறது.

வாசலில் லயத்துப் பெண்கள் மூவர், செருப்பைக் கழற்றிவிட்டு. "அம்மா, எங்களுக்கும் வயித்துல புள்ள இருக்கப்ப பிரஷர் இருந்திச்சுங்க. வர்ற வியாழன் நீங்க பெஞ்சுக்குப் போறீங்களா?"

போகிறேன் என்றேன்.

மறுபடி மழை. பிள்ளை இன்னும் குடிக்கவில்லை.