மார்த்தாவின் அண்ணன்

1993 நவம்பர் 14, ஞாயிறு

ஆஸ்பத்திரி லாண்டரியில் என்னோடு வேலை செய்கிறவள் கியூபாக்காரி மார்த்தா. அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து, இன்று தேத்தண்ணி நேரத்தில் சொன்னேன்: "யாழ்ப்பாணத்தில எங்கட அறைச் சுவர் முழுக்க உங்கட புரட்சிக்காரரின்ர படம்தான்."

அவள் முகம் செத்துப்போனது. அவளுடைய அண்ணனும் அப்படித்தான் ஒட்டி வைத்திருந்தானாம். இப்போது கட்சியில் இருக்கிறான். நாட்டை விட்டுப் போனவளின் கடிதம் என்று பிரிக்காமலே திருப்பி அனுப்புகிறானாம்.

"உனக்குச் சகோதரம் இருக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் படங்களை என்னோடு சேர்ந்து ஒட்டியவன் என் தம்பி. அவன் இன்னும் இயக்கத்தில்தான். நான் விட்டு ஓடிவந்தவன். லண்டன் வந்து ஏழு வருடம். என் கடிதம் ஒன்றைக்கூட அவன் திருப்பி அனுப்பியதில்லை. நான் எழுதினால்தானே.