போர்த்துகீசியர் அட்டை

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. பாப்பா நலம். நான் எரிச்சலாக இருக்கிறேன்.

உங்கள் கப்பல் வேலை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. கூட வேலை பார்த்த எதிர்வீட்டு மெக்கானிக் எப்போதோ வந்துவிட்டார். உங்களைப் பற்றிக் கேட்டால், அவரே எழுதுவாரும்மா என்று நழுவுகிறார். நீங்கள் மட்டும் கப்பல் கடைசியாக நின்ற துறைமுகத்திலேயே தங்கிவிட்டீர்கள். வந்தது ஒரே ஒரு தபால் அட்டை. இங்கே சௌக்கியம், வர இன்னும் நாளாகும் என்று இரண்டு வரி. ஏன் நாளாகும் என்று எழுத இடமா இல்லை? பாதி அட்டை வெறுமையாகத்தான் கிடக்கிறது.

அகராதி அலுவலகத்திலும் அட்டைதான் என் உயிரை வாங்குகிறது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. அதில் பொருளுக்கு ஒரு கட்டம், சொல் பிறந்த இடத்துக்கு ஒரு கட்டம். எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது என்பது தலைமைத் தொகுப்பாளரின் சட்டம். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் கொண்டுவந்த சொற்கள். நான்கையும் ஒரே நாளில் முடித்துவிட்டேன். நம் வீட்டில் பாதிச் சாமானுக்கு அவர்கள்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அவர்களுடைய பெயருக்கு வந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

ஓர் ஆறு கடலில் சேரும் இடத்தில் போர்ட்டஸ் காலே என்று பழைய ஊர் ஒன்று இருந்திருக்கிறது. அதிலிருந்து நாட்டுக்குப் பெயர் வந்தது, நாட்டிலிருந்து மக்களுக்கும் மொழிக்கும். போர்ட்டஸ் என்றால் லத்தீனில் துறைமுகம். அதில் தகராறே இல்லை. காலே என்றால் என்ன? ஒருவர் வெதுவெதுப்பு என்கிறார், இன்னொருவர் அங்கே வாழ்ந்த கூட்டத்தின் பெயர் என்கிறார், மூன்றாமவர் கிரேக்கத்தில் அழகு என்கிறார். ஒன்பது நாள் புத்தகம் புரட்டி, கண் எரிந்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் தபால் அட்டை வந்தது. மறுநாள் என்ன எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. மாலையில் தலைமைத் தொகுப்பாளர் என் அட்டையை எடுத்து எல்லோர் முன்னாலும் படித்தார். போர்த்துகீசியர்: துறைமுகத்தில் தங்கிவிட்டவர், காரணம் தெரியவில்லை. தட்டச்சுக்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. தலைமைத் தொகுப்பாளர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்காரரு இன்னும் வரலியாம்மா என்று கேட்டார். அவரும் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த அட்டைக்கு மட்டும் சட்டத்தைத் தளர்த்திவிட்டார். கருத்துகள் பல, உறுதியில்லை என்று போடச் சொன்னார். பழைய ஊருக்கு அது போதும். எனக்கு எப்படிப் போதும்? வேற கப்பல்ல சேர்ந்திருப்பாருடி என்கிறாள் அக்கா. அண்ணனுக்கு உடம்பு சரியில்லையோ என்னமோ அண்ணி என்கிறார் உங்கள் தம்பி. மெக்கானிக்கின் மனைவி மட்டும் என்னைக் கண்டால் கையிலிருக்கும் காய்கறிப் பையைப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறாள். எனக்குப் பயம் அதில்தான்.

பாப்பா உலகப்படத்தில் உங்கள் துறைமுகத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா ஏன் அங்கயே இருக்காரு என்று விரலை வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

காரணம் எதுவானாலும் எழுதுங்கள். நான் பயப்படும் காரணமே என்றாலும் உங்கள் கையெழுத்தில் வரட்டும். ஊகங்களை வைத்துக்கொண்டு என்னால் குடும்பம் நடத்த முடியாது.

வேறு கப்பல் என்று சொன்ன அக்காவே இப்போது வாசல் பூட்டை மாற்றிவிடச் சொல்கிறாள். நான் மாற்றவில்லை. உங்கள் பையின் உள்ளறையில் நம் வீட்டுச் சாவி இருக்கும், தொலைத்துவிடாதீர்கள். எங்கிருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றுவரை உங்கள்
மனைவி