மணிக்கொருதரம் அணைந்த சர்வர்

என் பிரியமுள்ள அத்தான்,

நீங்கள் எங்களை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. மார்த்தாண்டத்தில் நம் கம்ப்யூட்டர் கடையில் உங்கள் நாற்காலியில் நான் இன்னும் உட்காரவில்லை. பழைய ஸ்டூலில்தான் இருக்கிறேன். முதுகு வலிக்கிறது, வலிக்கட்டும். இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களைப் பற்றி நாலு பேர் கேட்க ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன், அதுதான் காரணம்.

நம் லேடி டாக்டர் ஆஸ்பத்திரி சர்வரைப் பற்றிப் பேச வேண்டும். லேப் ரிசல்ட், மருந்துக் கணக்கு, பில் எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தானே இருக்கிறது? மூன்று வாரம் முன்னால் அது தானாக அணையத் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஓடும், அணைந்துவிடும். மறுபடி போட்டால் சரியாக இன்னொரு மணி நேரம். கரண்ட் பார்த்தேன், ஃபேன் பார்த்தேன், யு.பி.எஸ். மாற்றினேன். எதிலும் குறை இல்லை.

லேப்பில் இருக்கும் ஷீபா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணன்தான் வந்து அணைக்காவ. அவியளுக்கு என்னமோ சொல்லணும்போல இருக்கு" என்று உங்களைச் சொன்னாள். நான் அவளைத் திட்டினேன். திட்டிவிட்டு, அடுத்த தடவை அணைகிற நேரத்துக்கு முன்பே அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். பயம்தான், அத்தான். ஃபேன் இரைச்சல் நின்று அறை சட்டென்று அமைதியாகிறபோது, வேலை முடிந்து நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த மாதிரியே இருக்கிறது.

சர்வருக்குள் நுழைய உங்கள் பெயரில்தான் போக வேண்டியிருந்தது. பாஸ்வேர்டு அக்கா பெயர் என்று இரண்டாவது முயற்சியில் கண்டுபிடித்தேன். திரை உங்கள் பெயரைச் சொல்லி வரவேற்றது. பிறகு பதிவுகளைத் திறந்தால், அணைந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரே காரணம்தான் எழுதியிருந்தது: லைசென்ஸ் காலம் முடிந்துவிட்டது.

அப்போதுதான் தெரிந்தது, அதில் ஓடுவது ட்ரையல் என்று. ஆறு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கத் தருகிற பதிப்பு. ஒரு கமாண்ட் கொடுத்தால் இன்னும் ஆறு மாதம் நீளும், அதுவும் சில தடவைதான். அதற்கப்புறம் மணிக்கொருதரம் தன்னையே அணைத்துக்கொள்ளும். நீங்கள் மூன்று வருஷமாக நீட்டி நீட்டி ஓட்டியிருக்கிறீர்கள். இனி நீட்ட ஒரு தடவைகூட மிச்சமில்லை.

அந்த ஸ்டிக்கர் ஞாபகம் இருக்கிறதா? இடி விழுந்து ஆஸ்பத்திரியின் பழைய சர்வர் போர்டு போயிற்றே, அப்போது பழைய பெட்டியில் இருந்த லைசென்ஸ் ஸ்டிக்கரை ஹேர் டிரையர் வைத்துப் பதமாக உரித்துப் புதுப் பெட்டியில் ஒட்டினோம். ஒட்டியவன் நான்தான். கிழியாமல் எடுத்துவிட்டேன் என்று பெருமை வேறு. அந்த லைசென்ஸ் பழைய பெட்டிக்கு மட்டும் கொடுத்தது, பெட்டி போனால் அதுவும் போச்சு என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. உங்களுக்கு அன்றைக்கே புரிந்துதான் ட்ரையலைப் போட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

உங்கள் ஃபோனை அக்கா இன்னும் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறாள். சர்வர் அணையத் தொடங்குவதற்கு முந்தின நாள் அதில் அலாரம் அடித்ததாம். நீங்கள் எழுந்திருக்கப் போகிறீர்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டாளாம். எடுத்துப் பார்த்தேன். "சர்வர். கடைசி. டாக்டர்ட்ட சொல்லணும்" என்று எழுதி வைத்திருந்தீர்கள்.

என் வாய் உங்களுக்குத் தெரியுமே. சொல்லணும் என்றால் இதுவரை சொல்லவில்லை என்றுதானே அர்த்தம்? மூன்று வருஷம் மறைத்திருக்கிறீர்கள் என்று நானே முடிவு கட்டினேன். உங்கள் தம்பியும் அவர் வீட்டாரும் உங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே, "அத்தான் ஆஸ்பத்திரிய ஏமாத்தியிருக்காவ" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவிய அப்பிடி செய்ய மாட்டாவ" என்றாள். நான் ஃபோனைக் காட்டினேன், ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன், ட்ரையலை விளக்கினேன். கடைசியில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த ஞாயிறு உங்கள் கல்லறைக்கு அவள் வரவில்லை. தலைவலி என்றாள்.

போன வாரம் முழுக்க லைசென்ஸ் விஷயம் படித்தேன். பெட்டியின் மூளையில் எத்தனை கோர் என்று எண்ணி ஒரு லைசென்ஸ், அதில் நுழைகிற ஆட்களை எண்ணித் தனியாக இன்னொன்று. ஆள் பட்டியலை எடுத்தால் இருபத்திமூன்று பெயர் வந்தது. ஆஸ்பத்திரிக்குள் நடந்து எண்ணினால் இருபத்திரண்டு பேர்தான். யார் குறைகிறார்கள் என்று இரண்டு தடவை சுற்றி வந்தேன். இருபத்திமூன்றாவது ஆள் நீங்கள். அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க எனக்கு ஒரு நாள் பிடித்தது.

இன்று மத்தியானம் அந்தப் பட்டியலோடு டாக்டர் முன்னால் போய் நின்றேன். எங்கள் கடை செய்த தப்பு, மன்னிக்கணும் மேடம் என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அவரு என்ன தப்பு செஞ்சாரு? ஆறு மாசத்துக்கு ஒருக்க இங்க வந்து நின்னு, 'மேடம், இத இப்பிடி ஓட்டப்பிடாது, லைசென்ஸ் வாங்கணும்'னு சொல்லுவாரு. நான்தான் ஸ்கேன் மிஷின் வரட்டும், பொறவு பாக்கலாம்னு தள்ளிட்டே வந்தேன். லேப் நின்னுரப்பிடாதுன்னுதான் அவரு நீட்டிக் குடுத்தாரு. வெளிய தெரிஞ்சா எனக்குக் கொறச்சல்னு, உங்ககிட்டகூட சொல்லாண்டாம்னு கேட்டுக்கிட்டேன்."

பிறகு அவரே கேட்டார்: "யாருகிட்டயாவது சொல்லிட்டீங்களா, சஜின்?"

லைசென்ஸ் வாங்கும் ஆர்டர் தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அடுத்த வாரம் லைசென்ஸ் வந்துவிடும், சர்வர் இனி அணையாது. பயமும் அதோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை, அத்தான். இப்போது கடையில் தனியாக இருக்கிறேன், அன்றைக்கு ஹாலில் நான் பேசியது எனக்கே கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்களோடு பத்து வருஷம் வேலை பார்த்தவன் நான். ஒரு அலாரத்தை வைத்து உங்களைக் கள்ளனாக்கிவிட்டேனே. உங்களுக்கும் அது கேட்டிருக்குமா?

இதை முடித்ததும் கடையைப் பூட்டிவிட்டு ராஜாக்கமங்கலத்தில் அக்கா வீட்டுக்குப் புறப்படுகிறேன். அன்றைக்குக் கேட்ட எல்லோரையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். எதற்கென்று சொல்லவில்லை. அதே ஹாலில், எல்லோர் முன்னாலும், நான் சொன்னது பொய் என்று சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அக்கா என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "அவிய செய்ய மாட்டாவன்னு அன்னைக்கே சொன்னேம்லா மக்கா, பின்ன என்னையும் எதுக்கு நம்ப வச்ச?" என்பாள். ஆனாலும் போகிறேன்.

உங்களைச் சந்தேகப்பட்ட
உங்கள் மச்சினன்,
சஜின்