பதினொன்று என்றே எழுது

அன்புள்ள கலெக்டரம்மாவுக்கு,

நான் நலம். பரீட்சைக்குப் படிக்கும் நீயும், உன் புத்தகத்தைக் கிழிக்கும் மகளும், அம்மாவும் நலம்தானே?

நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பாலம் சரிந்ததைச் செய்தியில் பார்த்திருப்பாய். பயப்படாதே. அன்று எனக்குக் கிடங்கில் சிமெண்டு மூட்டை அடுக்குகிற வேலை; ஒரு சிராய்ப்புகூட இல்லை. போட்டோ வெளியே போகக்கூடாது என்று எல்லார் போனையும் கம்பெனி வாங்கிக்கொண்டது. அதனால்தான் கடிதம்.

உன் நடப்பு நிகழ்வுகள் பகுதியில் இது கட்டாயம் வரும். இறந்தவர்கள் பதினொரு பேர் என்றுதான் செய்தி. அதையே படி. நாங்கள் தூக்கியது பன்னிரண்டு பேரை. எங்கள் சமையல்காரர் பாலத்துக்குக் கீழே சோறு கொண்டுபோயிருந்தார். உப்பு அதிகம் என்று தினமும் அந்த மனுஷனிடம் மல்லுக்கு நின்றவன் நான். “அவன் கம்பெனி ஆளே இல்லையேப்பா, எப்படிக் கணக்குல சேர்க்கிறது?” என்று கேட்டார் மேனேஜர்.

உன் பழைய வினாத்தாள்கள் இருந்தால் அனுப்பு. அறையில் மூன்று கட்டில் காலி. வாய்விட்டுப் படிக்க ஏதாவது வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் எலக்ட்ரீஷியனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வேன் ஹாரன் அடிக்கிறது. பரீட்சையில் கொடுக்கிற நாலு விடைகளில் பன்னிரண்டும் இருக்கும், ஆளைக் குழப்புவதற்கென்றே. அந்த வட்டத்தைக் கறுப்பாக்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் டவாலி