எழுந்திருக்காத மாடுகள்

ஜூன் 4

இன்று சொல்லாமல் விட்டது: "வருகிறேன்." "வரவில்லை" என்பதையும் சொல்லவில்லை.

கல்லூரித் தோழி தொலைபேசியில் அழைத்தாள். நகரத்தில் அவள் வேலை பார்க்கும் நாய், பூனை மருத்துவமனைக்கு இன்னொரு டாக்டர் வேண்டுமாம். ஏ.சி. அறை, ஞாயிறு விடுமுறை, மேஜைமேல் தூக்கி வைக்கக்கூடிய நோயாளிகள். "மாசக் கடைசிக்குள்ள சொல்லுடி" என்றாள். சரி என்று வைத்துவிட்டேன்.

எங்கள் கால்நடை மருத்துவமனையில் மூன்று டாக்டர்களுக்கு நாற்காலி இருக்கிறது. ஒன்றில் நான். ஒன்றில் தடுப்பூசிப் பெட்டி. மூன்றாவதில் ஒரு பூனை. லீவே போடாமல் வேலைக்கு வருவது அதுதான். நானும் போய்விட்டால் பொறுப்பு முழுக்க அதன் தலையில்.

ஜூன் 9

இங்கே எந்த மாட்டுக்கும் இருமல் வருவதில்லை, மடி வீங்குவதில்லை. எல்லா மாடும் "படுத்துடுச்சு, எழுந்திருக்கல". அப்படிச் சொன்னால்தான் டாக்டர் முதலில் வருவாள் என்று எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள். இன்று அப்படி எழுந்திருக்காத மாடு ஒன்று வாசலில் நின்று அசைபோட்டபடி எங்களை வரவேற்றது.

"நம்ம வண்டிச் சத்தம் கேட்டே குணமாயிடுச்சு. கைராசி டாக்டர்" என்றார் கம்பவுண்டர் அண்ணன்.

கோபம் வந்ததா? இல்லை. குளம்பில் புண் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் எப்போது போயிருப்பேன்? வாரக் கடைசியில் — ஒருவேளை. இந்தப் பொய்யைப் பழக்கியதே நான்தானே.

ஜூன் 13

வலது தோள் விட்டுப்போகிறது. தைலம் தேய்த்துவிட்டபடியே அம்மா, "நாய்க்குட்டி பார்க்கிற வேலை கிடைச்சா போயேன்டி" என்றாள். நான் அவளிடம் வாயே திறக்கவில்லை — எப்படித் தெரிந்தது?

நூலகத்து நாவலில் நாயகி இரண்டு வாரமாக ரயிலிலேயே இருக்கிறாள். பாவம், மேற்கொண்டு படிக்க ஆளில்லை.

ஜூன் 21

பதில் வாங்கத் தோழி நேராக மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். உட்காரப் போனவளைப் பார்த்தும் பூனை நகரவில்லை. அதற்குள் தையல்கார அக்காவிடமிருந்து அழைப்பு: சினை மாடு படுத்துவிட்டதாம்.

"நிஜமா படுத்திருக்கா, எனக்காகப் படுத்திருக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. "இந்தத் தடவை நிஜம் டாக்டர்."

போன தடவையும் இதையேதான் சொன்னார். தோழியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழியில் இருந்த இரண்டு வீடுகளை முடித்துக்கொண்டே போனேன்.

நிஜம்தான். மாடு பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. கன்றின் முன்னங்கால்கள் மட்டும் வெளியே. தலை உள்ளே பின்பக்கமாக மடங்கியிருந்தது. எத்தனை நேரமாக? ஏன் முதல்ல இங்க வரல நான், ஏன் — கையை உள்ளே விட்டேன். மாடு முக்கும்போதெல்லாம் கை தோள் வரை மரத்துப்போனது. விரலுக்குத் தாடை தட்டுப்பட்டது, பிடிக்க முடியவில்லை.

தோழி கடிகாரத்தைக் கழற்றிக் கம்பவுண்டர் அண்ணனிடம் கொடுத்தாள். "மேஜை எங்கடி?" என்றபடியே சாணியில் மண்டியிட்டாள். கல்லூரிக்குப் பிறகு அவள் மாட்டைத் தொட்டதில்லை. ஆனால் என்னைவிட நீளமான கை. நான் சொல்லச் சொல்ல, கன்றை முதலில் உள்ளே தள்ளினாள். மாடு முக்காத இடைவெளியில் கன்றின் மூக்கை உள்ளங்கையால் பொத்தித் தலையைத் திருப்பினாள். பிறகு கயிறு போட்டு எல்லோருமாக இழுத்தோம். வைக்கோலால் தேய்க்கத் தேய்க்க ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை — தும்மியது. அந்தத் தும்மலுக்கு அக்கா அழுதார். கொஞ்ச நேரத்தில் மாடு தானாகவே எழுந்து நின்று கன்றை நக்கியது.

"இனிமே இருமல்னா இருமல்னுதான் சொல்வேன் டாக்டர்."

"அப்ப நான் வரமாட்டேனே, அக்கா."

"அது தெரிஞ்சுதானே அப்படிச் சொல்லிட்டிருந்தோம்."

திரும்பும்போது தோழி கையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு வந்தாள். "பதில் கேட்கலையேடி?" என்றேன்.

"மறந்துட்டேன்" என்றாள். பிறகு, "அந்தப் பூனையோட நாற்காலிக்கு யாரைப் போய்ப் பார்க்கணும்?"

ஜூன் 22

நகரத்துக்கு வரவில்லை என்று தோழியிடம் இன்று வாய்விட்டே சொன்னேன். "யாரு கூப்பிட்டா?" என்றாள். தோள் வலிக்கிறது. நாவலில் நாயகி ரயிலைவிட்டு இறங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 18

தோழி இங்கே வேலையில் சேர்ந்தாள். பூனை ஜன்னலுக்கு மாறிக்கொண்டது. மதியம் தையல்கார அக்கா அழைத்தார்: கன்று இருமுகிறதாம். உடனே போய்ப் பார்த்தேன். இருமல்தான்.