ஐந்தாம் பாகத்தில் அப்பாவின் முகம்

சென்னை,
6.8.2006

என் செல்ல மகள் அனுசுயாவுக்கு,

நான் நலம். விழுந்து விழுந்து முதுகுதான் கொஞ்சம் வலிக்கிறது. ‘பஞ்சர் மாப்பிள்ளை’ நிஜப் படம் மூன்று பாகத்தோடு நின்றுபோனது உனக்குத் தெரியும். எங்கள் சி.டி. கம்பெனி முதலாளி நாலாம் பாகம் என்று தானாகவே ஒரு போலிப் படம் எடுத்து சி.டி. போட்டபோது, நிஜப் பட நடிகர் மாதிரி முதுகு இருக்கிறதென்றுதானே பனியன் கம்பெனியிலிருந்து என்னைக் கூட்டிவந்தார்? படம் முழுக்க என் முதுகும் காலும்தான். ஐந்தாம் பாகத்தில் முகத்தையே காட்டிவிட்டார்கள், தாயி! அட்டையிலும் நான்தான். சேலை கட்டிக்கொண்டு சாணிக்குழியில் விழுகிறேன். உன் அம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் சொல்லியிருப்பாள். உன் கூட்டாளிகள் சிரித்தார்களா என்று எழுது.

உன் அப்பா,
குருசாமி

திருப்பூர்,
27.8.2006

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் படிக்க வைத்த படிப்புக்கு எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். கேட்டில் கெடுபிடி அதிகம். ஹாஸ்டல் விண்ணப்பத்தில் ஒட்டிய போட்டோவில் இருக்கும் பெற்றோர்தான் பார்க்க வரலாம். நீங்கள் அலைய வேண்டாம், தீபாவளிக்கு நானே வரப் பார்க்கிறேன். சி.டி. இங்கே இன்னும் வரவில்லை. முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்,
அனுசுயா

சென்னை,
25.10.2006

அனுசுயாவுக்கு,

தீபாவளிக்கு நீ வரவில்லை. லீவு கிடைக்கவில்லை போல என்று நானே பஸ் ஏறினேன். வாட்ச்மேன் ஆறுமுகசாமி என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

“ஏனுங்க, அஞ்சாம் பாகத்துல சாணிக்குழில உழுவீங்களே, நீங்கதானுங்க அது? இங்க புள்ளைக வாராவாரம் போட்டுச் சிரிக்குதுங்க!”

பெருமையாக உன் பேரைச் சொன்னேன். நோட்டைப் புரட்டினார்.

“அந்தப் புள்ளைக்கு அப்பா இல்லீங்களே. லேட் குருசாமின்னு எழுதியிருக்குதுங்க. நீங்க யாருங்க?”

தூரத்துச் சொந்தம் என்றேன்.

“உள்ள உட முடியாதுங்க. வந்தது வந்தீங்க, ஒருக்கா உழுந்து காட்டுங்க.”

காட்டினேன். மாடியிலிருந்து பெண்பிள்ளைகள் கைதட்டினார்கள். நல்ல கைதட்டல். ஷூட்டிங்கில்கூட அப்படிக் கேட்டதில்லை.

உனக்கு எடுத்த சுடிதார் துணி கேட்டில் இருக்கிறது. வாங்கிக்கொள்.

குருசாமி

திருப்பூர்,
2.11.2006

அப்பா,

சி.டி. வந்த வாரமே பார்த்துவிட்டேன். பொய் சொன்னேன். என் அறைத்தோழி நித்யஸ்ரீ துண்டைச் சேலையாகச் சுற்றிக்கொண்டு கட்டிலிலிருந்து விழுந்து காட்டினாள். “ஏப்புள்ள, இந்தாளுக்கு ஒரு மக இருந்தா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவா?” என்றாள். மறுநாள்தான் விண்ணப்பத்துக்கு உங்கள் போட்டோ கேட்டார்கள். உயிரோடு இல்லாதவருக்குப் போட்டோ வேண்டாமாம். லேட் என்று எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாடியில் நானும் நின்றிருந்தேன். நீங்கள் எழுந்து, பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்துப் பழக்கமாக, சட்டைத் தோளில் வாயைத் துடைத்தீர்கள். நான் மட்டும் சும்மா நின்றால் கேட்பார்களே என்று நானும் கைதட்டினேன் அப்பா.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அனுசுயா

திருப்பூர்,
18.3.2007

அப்பாவுக்கு,

இது ஐந்தாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஆறாம் பாகம் வந்திருக்கிறது. அட்டையில் வேறு யாரோ. முதுகாவது உங்களுடையதாக இருக்கும் என்று கடைசிவரை பார்த்தேன். விழுந்து எழுந்த ஆள் ஒருமுறைகூடத் தோளில் வாயைத் துடைக்கவில்லை. உங்கள் முதலாளிக்குப் போன் செய்தேன். “தீபாவளி முடிஞ்சு வந்தாரும்மா. இனிமே விழ முடியாதுன்னு பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எங்கேன்னு சொல்லல” என்றார்.

நேற்று ஹாஸ்டல் ஆபீசில் போய் ‘லேட்’டை அழிக்கச் சொன்னேன். அப்படியானால் போட்டோ வேண்டும் என்றார்கள். என்னிடம் ஏது? ஐந்தாம் பாகத்து அட்டையிலிருந்து உங்கள் முகத்தை வெட்டி ஒட்டினேன். சேலைத் தலைப்பு கொஞ்சம் தெரிகிறது. பக்கத்தில் நின்ற நித்யஸ்ரீ சிரிக்கவில்லை.

இனி ஆறுமுகசாமி உங்களை உள்ளே விடுவார். இந்தக் கடிதத்தை எந்த ஊருக்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் மகள்,
கு. அனுசுயா